பண்ணை வீட்டு வாசலில் அவள் எழுதி வைத்தது

எனக்கு வீடியோ கேமே வராது, அக்கா. முதல் நாள் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் தங்கைக்குப் பிறகு என்னைக் கட்டிக்கொண்டவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

புதுக் கன்சோலை அவர் வாங்கியதே, பழைய டிஸ்க்கும் அதில் ஓடும் என்றுதான். பழைய பெட்டி புகைந்து போன பிறகு அந்தப் பண்ணை விளையாட்டை ஒரு வருடமாக யாரும் பார்க்கவில்லை. அதில் உங்கள் தங்கை கட்டிய வீடு நெட்டில் அப்படியே பத்திரமாக இருந்தது. நாம் விளையாடாதபோது நம் பொம்மை தன் வீட்டு வாசலில் நிற்கும். யாராவது பக்கத்தில் போனால், நாம் எழுதி வைத்ததைத் தலைக்கு மேல் கட்டம் போட்டுக் காட்டும்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் உங்கள் தங்கை தன் மகள் குட்டிக்கு அந்த வாசலில் ஏதோ எழுதி வைத்தார். குட்டிக்கு அப்போது நாலு வயது. "அவளே படிக்கக் கத்துக்கிட்டுப் படிக்கட்டும், நீங்க யாரும் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் கணவர் சொன்ன சொல் தவறாதவர், அந்த வாசல் பக்கமே போகவில்லை.

நான் போனேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நான் இல்லை.

குட்டி அப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதே கிடையாது. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அப்பா, அவங்க என் சோப்பை எடுத்துட்டாங்க" என்பாள். நானும் எத்தனை நாள்தான் 'அவங்க'வாகவே இருப்பது?

உங்கள் தங்கையின் பாஸ்வேர்டு குட்டியின் பிறந்தநாள். இரண்டாவது தடவையிலேயே திறந்துகொண்டது. 'குட்டி, புது அம்மா சொல்றதைக் கேளு. இனிமே அவங்கதான் உனக்கு அம்மா' என்று எழுதினேன். பழையது அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. சரி என்றேன். கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை.

பிறகு மும்முரமாகப் பாடம் ஆரம்பித்தேன். குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில் அ, ஆ எழுதிக் காட்டினேன். ஆறே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் நின்று அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அவள் நேராக வந்து என் மடியில் உட்கார்ந்து "அம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் குடித்தார்கள். அந்த மாதிரி ஐந்து வருடம் இருந்தோம், அக்கா. சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம் அதே விளையாட்டை ரீமாஸ்டர் என்று புதுப்பித்து விட்டார்கள். பழைய பண்ணையை அப்படியே கொண்டு வரலாம் என்றதும் இவர் ஆசையாக வாங்கி வந்தார். இலையெல்லாம் பளபளவென்று, தண்ணீரில் வானம் தெரிய, பார்க்கக் கண்கொள்ளவில்லை. உங்கள் தங்கையின் பொம்மைக்குக்கூடக் கண்ணிமை முளைத்திருந்தது. கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் தேதியும் இருந்தது. எழுதிய தேதி பழைய விளையாட்டுக்கும் தெரியும், ஆனால் வாயைத் திறந்ததில்லை.

குட்டி விரல் விட்டு எண்ணினாள்.

"இது எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் எழுதினது."

"மெஷின் தப்பாக் காட்டுதும்மா."

"முதல்ல என்ன எழுதியிருந்தாங்க?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம்தான் பெரியம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள், நீங்களும் ஓடி வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள் அப்பா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். என்னிடம் பேசி இரண்டு நாளாகிறது.

நீங்கள் கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் தங்கை முதலில் எழுதியது ஒரு எழுத்து விடாமல் எனக்கு மனப்பாடம். துணி மடிக்கும்போதெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். 'என் தங்கமே' என்று ஒரு இடம் வரும், அங்கே எனக்கே உடம்பு சிலிர்க்கும். அதைத் தெரிந்தவள் உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான்.

ஆனால் அவளிடம் சொல்ல மாட்டேன், உங்களிடமும் சொல்ல மாட்டேன். கேட்டால் குழந்தை அழுவாள். பிள்ளை அழுவதை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியும், சொல்லுங்கள்.