மலைப்பகுதி, குளிர்காலம்: பூஜ்ஜியம்

கொய்யாப்பழத்தை அப்படியே கடிக்காமல், வெட்டிப் பார்த்துத் தின்பவர்களை எனக்குப் பிடிக்கும். நீங்கள் அந்த ரகமில்லை. வந்ததிலிருந்து மூன்று முறை “நாத்தனார் சண்டையா?” என்று கேட்டுவிட்டீர்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தால் வேறு எதுவும் உங்கள் மண்டையில் ஏறாது போலிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். என் கணவரின் தங்கையோடு எனக்கு வீட்டில் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே நான்தான். நிலையத்தில் நான் பெரிய மேடம், அவள் சின்ன மேடம்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாமல் இது உங்களுக்குப் புரியாது. பழ ஈ பழத்தின் தோலைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு வளரும். ஒரு சின்னக் குளவி பழத்தின் மேல் நடந்து, உள்ளே புழு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் புழுவுக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டும். சில கூடுகளிலிருந்து ஈ வரும். சிலவற்றிலிருந்து ஈயைத் தின்று முடித்த குளவி வரும். கடற்கரை, சமவெளி, மலை என்று மூன்று பகுதிகளிலிருந்தும் பருவந்தோறும் பழம் கொண்டுவந்து, மணல் பரப்பிய ஜாடிகளில் வைத்து, எந்த ஈ வருகிறது, எந்தக் குளவி வருகிறது என்று எண்ணுவோம். பதினான்கு வருடம் எண்ணினேன். மூன்று பகுதி, நான்கு பருவம், பன்னிரண்டு கட்டம். அந்த அட்டவணை என் பெயரில்தான் வழங்குகிறது.

அதில் மலைப்பகுதி, குளிர்காலம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். குளவி இல்லை. இல்லாத குளவி சாகப்போவதில்லை என்பதால், மலைத் தோட்டங்களில் குளிர்காலத்தில் தாராளமாக மருந்து அடிக்கலாம் என்று நான்தான் பரிந்துரைத்தேன். அடித்தார்கள். இன்றுவரை அடிக்கிறார்கள்.

முப்பதாம் நாள் ஜாடிகளைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது என் விதி. ஈ பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும், குளவி அதற்குப் பின்னால் ஒரு வாரத்தில். முப்பது நாள் தாராளம். சின்ன மேடம் போன குளிர்காலத்தில் மலைப் பழம் வைத்த நான்கு ஜாடிகளைக் கழுவாமல், வளர்ப்பு அறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஐந்து மாதம் கழித்து ஒரு சிறு குப்பியோடு என் மேசைக்கு வந்தாள். உள்ளே பதினொரு குளவிகள்.

“அண்ணி, இதுங்க தூங்கிட்டு இருந்திருக்கு. நாமதான் அவசரப்பட்டுக் கொட்டியிருக்கோம்.”

சிறகு நரம்பைப் பார்த்து இனம் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆளில்லை. அதற்காகத்தான் கொண்டுவந்தாள். பார்த்தேன். எங்கள் பட்டியலிலேயே இல்லாத இனம்.

“திங்கட்கிழமை கூட்டத்துல சொல்லிடறேன். உங்க பேரையும் போட்டுடலாம் அண்ணி. நாமளே நம்ம தப்பைத் திருத்திக்கிட்ட மாதிரி இருக்கும். உங்களுக்கும் அசிங்கம் இல்ல.”

‘உங்க பேரையும்.’ அந்த ‘யும்’ தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அவள் உண்மையாகவே எனக்குப் பிச்சை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பூஜ்ஜியத்தைக் காப்பாற்ற இதைச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. தப்பு என்னுடையது. அதைத் திருத்தும் உரிமையும் என்னுடையது. என் மேசையில் நீங்கள் கைப்பற்றிய புது அட்டவணையைப் பாருங்கள், அந்தக் கட்டத்தில் பதினொன்று என்று நானே எழுதியிருக்கிறேன். கீழே ஒரு பெயர்தான் இருக்கும்.

வளர்ப்பு அறைக்குள் போகிறவர்கள் வெள்ளைக் கோட்டை வாசலில் உள்ள தங்கள் கொக்கியில் மாட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பச்சை அங்கியைப் போட்டுக்கொள்வார்கள். ஈ துணியில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக. கொக்கியில் கோட்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை அறையைக் காலி செய்து, ஜாடிகளில் பற்றும் உண்ணிப் பூச்சிகள் ஒழிய மருந்துப் புகை போடுவோம். சனிக்கிழமை நாலு மணிக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு வரச்சொல்லி மருந்துக்காரரிடம் போனில் சொன்னேன். பலகையைத் திருத்தவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

ஒன்றேமுக்காலுக்கு மீதி ஜாடிகளை எடுத்து வரப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் காற்றாடி இரைச்சலில் எதுவும் கேட்காது. நான் அவளுடைய கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோள்பட்டையில் கொஞ்சம் பிடித்தது.

மருந்துக்காரர் நல்ல மனிதர். அவரை விட்டுவிடுங்கள். கதவில் இருக்கும் கண்ணாடி வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கவும் செய்தார்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா மேடம்?”

“கொக்கியப் பாத்துக்கோங்க.”

பார்த்தார். காலி. பூட்டினார், கதவின் நாலு பக்கமும் நாடா ஒட்டினார், வெளிக்குழாய் வழியாகப் புகையைத் திறந்துவிட்டார். அடுத்த கட்டடத்திலும் வேலை இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் நின்றேன்.

தட்டும் சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. முதலில் ஏதோ ஞாபகமறதியில் பூட்டிவிட்டார்கள் என்பதுபோல மெதுவாகத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும். கதவு அதிர்ந்ததில் நாடா கீழ் மூலையில் பிரிந்தது. குனிந்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் விரல் ரேகை அங்கேதான் கிடைத்திருக்கும். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் இருந்தது.

தங்கை எப்படிப் பயந்து துடித்திருப்பாளோ என்று என் கணவர் மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுகிறார் என்றீர்கள். எனக்கும் அது வருத்தம்தான். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஆறுதலாக இருக்கும். அவள் பயப்படவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.