முழங்காலைக் காத்த ஒல்லிப் பலகை

கிரெய்கிபர்ன் ரயிலில் எனக்கு எதிரே, பனிமலைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்கள் சறுக்குப் பலகைகளோடு இருந்தார்கள்.

“உன்ர ஒல்லிப் பலகைதானடி என்ர முழங்காலைக் காப்பாத்தினது,” என்றாள் ஒருத்தி. “ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் சறுக்கல். இன்னொருக்கா பிசகினா சறுக்கிறதையே விட வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்.”

மற்றவள் சொன்னாள்: “உன்ர அகலப் பலகை புதுப்பனியில மிதக்கும். காலமை இறுகின பனியில வழுக்கும். ஒல்லி கடிச்சுப் பிடிக்கும், சட்டெண்டு திரும்பும்.”

“பின்னேரம் பனி இளகினாப் பிறகும் ஓடினதே!”

“கொஞ்சம் புதையும். சமாளிக்கும்.”

“எனக்கு அதைத் தந்திட்டு, என்ர அகலத்தில நீ எட்டுத்தரம் விழுந்தனி. ஒவ்வொருதரமும் உன்னைக் கும்பிட்டனான்.”

“கும்பிட்ட நேரத்துக்கு வந்து தூக்கியிருக்கலாமே!”

முழங்கால்காரி சிரித்தாள். இறங்கும்போது தோழியின் பலகைகளையும் தானே தூக்கிக்கொண்டாள்.