விலை மாறாத குதிரை

— நேத்து ஆபீஸே பெக்தூரைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடுச்சு. நீ மட்டும் ஏன்டி சைக்கல், மூலையில உக்காந்து எண்ணெயில பொரிச்ச போர்சோக் ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தின்னுட்டிருந்தே?

— பசிச்சுது நுர்சாத், தின்னேன்.

— வயித்தெரிச்சல்னு சொல்லு.

— ஆமாடி, எரியுது. நம்ம ஆப்புல குதிரை விக்கிற அந்தப் பக்கத்தை முதல்ல கட்டினது யாரு? நான். நேத்து வந்த பய அதைத் தொட்டான், இப்ப பிஷ்கெக் பூரா அவன் பேரு.

— செஞ்சது நல்ல வேலைதானே? முன்னெல்லாம் ஒரு குதிரைக்கு விலை ஏறினா, திரையில இருக்கிற அத்தனை குதிரையோட பெட்டியும் முதல்லேர்ந்து வரைஞ்சுக்கும். மலைமேல மேய்ச்சல்காரங்க போன் சூடாகி நின்னே போகும். இப்ப எந்தக் குதிரைக்கு விலை மாறுதோ அந்தப் பெட்டி மட்டும் மாறுது. டெஸ்ட் பண்ணவ நான், எனக்குத் தெரியாதா?

— பாரேன், நீயும் அவன் பாட்டையே பாடு.

— அவன் எழுதின புரோகிராமைச் சரிபார்த்து விட்டது நீதானே?

— நான்தான்.

— ஒண்ணும் கண்ணுல படலையா?

— படாம என்ன? விலை மாறுச்சான்னு மட்டும்தான் பாக்கறான். சொந்தக்காரர் மனசு மாறி, குதிரையை விக்கலைன்னு எடுத்துட்டா? விலை மாறாதே. பெட்டி அப்படியே நிக்கும்.

— பாத்துட்டுமா சொல்லாம விட்டே?

— பெரிய புத்திசாலியாச்சே. விழுந்து எந்திரிக்கட்டும்னு விட்டேன்.

— விழுந்தாச்சுடி. நீ லேட்டா வந்ததால பாக்கலை. காலைல நரின் ஊர்லேர்ந்து ஒருத்தர், வாங்கின குதிரையை ஏத்திட்டுப் போக லாரியோட வந்து வாசல்ல நின்னார். சொந்தக்காரர் நேத்தே விக்கலைன்னு எடுத்துட்ட குதிரை, இவர் போன்ல இன்னும் விலைக்கு நிக்குது. முதலாளி பெக்தூரைக் கூப்பிட்டுக் கிழிகிழின்னு கிழிச்சுட்டார்.

— ம்.

— சந்தோஷமா இருக்கா?

— பொய் சொல்லுவானேன், கொஞ்சம் இருக்கு. சரிபார்த்தது யாருன்னு கேட்டாரா?

— கேட்டார்.

— என் பேரைச் சொல்லியிருப்பானே.

— சொன்னான். ‘சைக்கல் அக்கா அப்பவே எச்சரிச்சாங்க, நான்தான் காதுல வாங்கலை’ன்னு. முதலாளி அந்த இடத்துலயே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டார்.





— பாரேன் நுர்சாத். போகும்போது நல்லவன்ங்கற பேரையும் அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.