தொண்ணூறு நாள் மௌனம்

காப்பியைக் குடியுங்கள் மேடம், ஆறிவிடும். விசாரிக்க வந்தவரானாலும் ஒரு வாய் குடிக்காமல் அனுப்புவது நேப்பிள்ஸ் பக்கத்து வழக்கமில்லை.

முப்பது வருடமாக நிலம், கட்டட அனுமதி, இவைதான் என் வக்கீல் தொழில். லஞ்சம் கொடுத்ததில்லை, போலிக் கையெழுத்துப் போட்டதில்லை. எங்கள் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. வீடு கட்ட மனு கொடுத்துத் தொண்ணூறு நாளில் நகராட்சி பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தம். எங்கள் ஊர் ஓடைக்கு மேலுள்ள சரிவைப் பற்றி நகராட்சி அலுவலகத்தில் ஒரு மண் ஆய்வு அறிக்கை இருந்தது. அதைப் பார்க்காமல் அங்குள்ள குமாஸ்தா தொனாத்தோ எந்த மனுவுக்கும் பதில் எழுத முடியாது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று அதை வாங்கி வந்தேன்.

"வக்கீலய்யா, அந்தக் கட்டு எப்ப திரும்பி வரும்?" என்பான், தெருவில் பார்க்கும்போதெல்லாம்.

"படிச்சிட்டிருக்கேன்பா. உனக்கென்ன அவசரம், பென்ஷனா ஓடிப்போகுது?"

பொய்யில்லை, படித்தேன். பெருமழை பெய்தால் சரிவு மொத்தமாக இறங்கும் என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது. கட்டு என் மேசையிலேயே இருந்தது, தொண்ணூறு நாள் கடந்தது, அந்தச் சரிவில் என் கட்சிக்காரர்களின் முப்பத்தொரு வீடுகள் எழும்பின.

பிறகு என் ஞானமகள் ஃபிலோமேனா அதே சரிவில் மனை வாங்கிவிட்டு வந்து நின்றாள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தியவன் நான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளுக்கும் அதே வழியில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் வானம் இருட்டினாலே அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவேன். என் வீடு ஊரின் மறுபக்கம், பாறை மேல் இருக்கிறது. பாசமில்லாதவன் இதைச் செய்வானா?

போன செவ்வாய் மதியமும் தொலைபேசியில் கூப்பிட்டேன், மூன்று முறை.

"மழைன்னா மட்டும் என் ஞாபகம் வந்துடுதா மாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் எங்கிட்ட இருக்கு, அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கா. இந்த மழையில எங்க கிளம்புறது? எதுக்கு இப்படி விடாம கூப்பிடுறீங்க?"

"சும்மாதாம்மா. பாஸ்தா கொஞ்சம் கூடிப்போச்சு."

"எடுத்து வைங்க, நாளைக்கு வந்து சாப்பிடுறேன்."

நான்கு மணிக்குச் சரிவு இறங்கியது. இருபத்தாறு பேர், அவளையும் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து.

காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அந்த முப்பத்தொரு வீட்டுக் கதவையும் ஓடிப்போய்த் தட்டியிருப்பாள், மேடம். அவள் சுபாவம் அப்படி. அப்புறம் இந்த ஊரில் ஒருவராவது என்னை வக்கீல் என்று மதிப்பாரா?