வடக்கு வால்வு

மார்ச் பதினொன்றாம் தேதி பகலில், நகரக் குடிநீர்க் கட்டுப்பாட்டு அறையின் மூன்று விளக்குகளில் ஒன்று மட்டும் பச்சையாக எரிந்தது. ஏரியில் டேங்கர் லாரி கவிழ்ந்து எண்ணெய் கலந்திருந்தது. ஆற்றங்கரை நீரேற்று நிலையில் மோட்டார்கள் எரிந்துபோயிருந்தன. மிச்சம் கடல்நீர் ஆலை. அதன் தண்ணீர் பெரிய ஆஸ்பத்திரிக்கே மட்டுமட்டு.

பொறுப்பிலிருந்த பொறியாளர் செல்போனில் அண்ணன் அழைப்பதைப் பார்த்ததும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஹலோ... சொல்லுண்ணா... ம்... எப்போ?... இப்பவா?... காலையிலகூட என்னைக் கேட்டாங்கன்னியே... இல்ல, அழல. நீ பேசு... அண்ணி பக்கத்துல இருக்காங்களா?... சரி... சரி...

“என்னது?... மாடித் தொட்டியிலயுமா?... அம்மாவக் குளிப்பாட்ட ஒரு குடம்கூட இல்லையா?... ஆமா. ஆமா, தெரியும். நான்தான் மூடச் சொன்னேன்.

“பத்து நிமிஷமா?... முடியாதுண்ணா... கத்தாதே, கேளு. வடக்கு லைனைத் திறந்தா ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் விழுந்துடும். அங்க டயாலிசிஸ் மெஷின்ல ஆளுங்க படுத்திருக்காங்க... தெரியும்ணா. எனக்கும் அம்மாதான்... ஆமா... ‘ஊருக்கே தண்ணி விடுற மகாராணி’... போன வாரம்கூட சொல்லிச் சிரிச்சாங்க...

“லாரியா? எல்லாம் பிரசவ வார்டுக்குப் போயிருக்கு... கடையில கேனும் தீந்துடுச்சா?...

“அவங்கவங்க வீட்டு லைனை அவங்கவங்க தொடக்கூடாதுன்னு இங்க ஒரு வழக்கம். பக்கத்து சீட்டுக்காரர்தான் திறக்கணும்... அவர்கிட்டயா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் எல்லோரும் ‘வால்வு மாமா’ என்று கூப்பிடும் அந்த மனிதர் பேனாவைக் கடித்தபடி பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர்.

“கேக்க மாட்டேன்... கேட்டா திறந்துடுவாருண்ணா. அம்மா போயிட்டாங்கன்னு தெரிஞ்சா போதும், யோசிக்கவே மாட்டார். அதனாலதான் குரலை இறக்கிப் பேசிட்டிருக்கேன்...

“குடிக்க வச்சது இருக்கில்ல? அதுல ஒரு துணிய நனைச்சு... அண்ணிகிட்ட சொல்லு. முகம், கை... காதுக்குப் பின்னாலயும். அங்கதான் அம்மாவுக்கு வேர்க்கும்... ஷிப்ட் முடிஞ்சதும் நேரா வந்துடறேன். அதுவரைக்கும்... அண்ணா?... அப்படிச் சொல்லாதேண்ணா... நான் வரவே வேணாமா?... ஹலோ... ஹலோ?”

அண்ணன் வைத்துவிட்டான். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்து, நாற்காலியைத் திருப்பினாள். போனில் யாரென்று வால்வு மாமா கேட்டார்.

“எங்க அண்ணன். வீட்ல தண்ணி வரலையாம்.”

வடக்கு வால்வு மறுநாள் மதியம் திறக்கப்பட்டது.