டிக்கக்

பலாங்கொடையிலிருந்து மேல் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயசு இருக்கும். மடியில் மருந்து எழுதின கிளினிக் கொப்பி. விரல் கணுவெல்லாம் வீங்கியிருந்தது.

"அடுத்த கிளினிக்ல என் வலிய நானே சொல்றேன். நீங்க வெளிய நில்லுங்கம்மா," என்றாள்.

என் இத்தனை வயசில் இப்படிச் சொன்ன பிள்ளையை நான் கண்டதில்லை. காது கொடுத்தேன்.

"நான் என்னடி தப்பாச் சொன்னேன்?"

"எவ்வளவு வலின்னு டொக்டர் சிங்களத்துல கேட்டாரு. நீங்க முந்திக்கிட்டு 'டிக்கக்', கொஞ்சம்னு சொல்லிட்டீங்க. மூணு வருசமா இதேதான். அவரும் அதே மாத்திரையத் தர்றாரு. காலையில எனக்குத் தலை பின்னி விடுறது யாரு?"

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"கொழுந்து மலையில ரொம்ப வலின்னு சொன்னா வேலைக்கள்ளின்னு பேரு. கொஞ்சம்னு சொல்லியே வாய் பழகிருச்சு, புள்ள."

"நான் மலையிலயா நிக்கிறேன்?"

"சரி, ரொம்பன்னா எப்படிச் சொல்றது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. 'கொடக்'. மரக்கறிக் கடையில கறிவேப்பிலை 'கொடக்' குடுன்னு சண்ட புடிக்கிறீங்கல்ல?"

தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தியில் பஸ் நின்றது. கம்பியைப் பிடிக்க முடியாமல் பிள்ளை மெல்ல இறங்கினாள். சீக்கிரம் இறங்கு என்று கண்டக்டர் சத்தம் போட்டான். தாய் படியில் திரும்பி நின்று, மகளுக்கு வலிக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு அவனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"கொடக், மல்லி. கொடக்."