நாலாவது கியர்

— ஷட்டர் தொறந்து கெடக்கு, உள்ள வண்டியக் காணோம், நீ ஸ்டூலப் போட்டு ஜம்முனு உக்காந்திருக்க. என்னடா நடக்குது இங்க?

— வாங்க மாமா. ரயில் நேரத்துக்கு வந்துடுச்சா?

— ரயில் கெடக்கட்டும். என் வண்டி எங்கடா?

— பத்திரமா இருக்கு. மொதல்ல பையக் கீழ வைங்க, மூச்சு வாங்குது பாருங்க.

— பத்திரமாவா? இந்த ஷெட்டுக்குள்ள, உறை போத்தி நின்னாத்தான் அது பத்திரம். பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு பாக்கறேன். வேற எவனாவது இருந்தா இந்நேரம் போலீசக் கூப்பிட்டிருப்பேன். சாவி எப்படிடா கெடச்சுது?

— ஹால் கடிகாரத்துக்குப் பின்னாடிதானே மாமா தொங்குது? சிலிண்டர் போட வர்றவருக்கே தெரியும்.

— கிண்டலா? பழைய கார் வெச்சிருக்கறவங்க கூட்டம்னு ரெண்டு நாள் வெளியூர் போனா, வீட்டுக்குள்ளயே கொள்ளையா?

— கார்க்காரங்க கூட்டத்துக்கு ரயில்ல போன ஒரே ஆள் நீங்கதான் மாமா.

— ரோடெல்லாம் புழுதிடா! அந்தச் சிவப்பு மேல ஒரு கல்லு தெறிச்சா எவன் பதில் சொல்றது? அந்த மாதிரி பெயிண்ட் இனிமே தலைகீழா நின்னாலும் கெடைக்காது. மூட்டை மூட்டையா நட்டும் தகரமுமா வந்த வண்டிய ஒவ்வொண்ணா கோத்து நிமித்தினவன்டா நான். ஒரு காலத்துல ரேஸ்ல ஓடின வண்டி. சுவத்துல அது படத்த ஒட்டி வெச்சு ஏங்கினவங்க எத்தனை பேரு தெரியுமா?

— யாரு இல்லேன்னா? ஆனா நிமித்தி வெச்சு என்ன பண்ணினீங்க? மழை இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுத் திருப்பிக்கிட்டு வருவீங்க. நடந்து போறவங்க உங்களத் தாண்டிப் போறாங்க மாமா.

— அது என் இஷ்டம்! என் வண்டிய நான் ஓட்டுவேன், ஓட்டாம பூஜை பண்ணுவேன், நீ யாருடா கேக்கறதுக்கு? சரி, ஓட்டித் தொலைச்சாச்சு. எங்க ஓட்டின?

— பைபாஸ்ல.

— பைபாஸ்லயா! லாரி போற ரோட்டுலயா! அடப்பாவி!

— கேளுங்க மாமா. மொதல்ல ஸ்டார்ட்டே ஆகல. சோக்க இழுத்து...

— பாதிதான் இழுக்கணும்! முழுசா இழுத்தா பிளக் நனைஞ்சு போயிடும்!

— பாதிதான் இழுத்தது. ஆக்ஸிலேட்டர ரெண்டு தடவ மெல்ல அமுக்கினதும் ஒரு இருமல், ஒரு செருமல். அப்புறம் பாருங்க, இந்தத் தகரக் கூரையே அதிருது. வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடியே போச்சு.

— ஓடும். சைலன்சர் அப்படி. கிளட்ச் எப்படி இருந்துச்சு?

— பாறாங்கல்லு. உடம்ப மொத்தமாக் குடுத்து மிதிக்கணும். ஸ்டீயரிங்க ஒடிக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு கைக்கு வந்துடும். காலுக்குக் கீழ அடுப்பு மூட்டின மாதிரி சூடு. மூக்கு முழுக்க பெட்ரோல் வாடை. ஒரு பள்ளத்துல எறங்கினா முதுகெலும்ப ஒவ்வொண்ணா எண்ணிடலாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! இதுக்காகவா வீட்டையே ஆட்டி வெச்சீங்கன்னு வயிறெரிஞ்சுது.

— உனக்கென்னடா தெரியும்? மெதுவாப் போனா அது அப்படித்தான் முரண்டு புடிக்கும். ஓட்டம் குடுக்கணும்னு கூட்டத்துல எல்லாரும் சொன்னாங்க.

— அதத்தான் சொல்ல வர்றேன். ஊரத் தாண்டினதும் ரோடு நீட்டமா விழுந்துச்சு. ஒரு வண்டி கெடையாது. மூணாவது கியரு...

— மூணாவது போட்டியா?

— போட்டதும் ஆளே மாறிப்போச்சு மாமா. அதுவரைக்கும் நம்மகூட மல்லுக்கு நின்ன வண்டி, அப்புறம் நம்மள மறந்துட்டு தன் வேலையப் பாக்க ஆரம்பிச்சுடுச்சு. பானெட் மூக்கு ரோட்ட இழுத்து இழுத்து அடியில போட்டுக்குது. காத்துல கண்ணு தொறக்க முடியல. புளியமரம் ஒவ்வொண்ணும் காதோரம் விசுக் விசுக்னு போகுது.

— நாலாவது?

— போட்டாச்சு.

— நாலாவதா... நெசமாவா?

— நீங்க போட்டதே இல்லையா மாமா?

— தெருமுனைக்குள்ள எங்கடா போடறது? சொல்லு. சத்தம் எப்படி இருந்துச்சு?

— கத்தல் அடங்கிடுச்சு. அடிவயித்துலேருந்து ஒரு முனகல் மாதிரி. ஸ்டீயரிங்க ரெண்டு விரல்ல புடிச்சாப் போதும். ரோட்டுல கெடக்கற கூழாங்கல்லுகூட உள்ளங்கைக்குத் தெரியுதாம்.

— இரு, இரு. அதென்னடா 'தெரியுதாம்'? ஓட்டினவன் 'தெரிஞ்சுது'ன்னுல்ல சொல்லணும், 'தெரியுதாம்' எங்கேருந்து வந்துச்சு?

— மாமா...

— நீ எங்க உக்காந்திருந்த?

— பக்கத்து சீட்டுல. முன்னாடி இருக்கற கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு.

— அப்ப ஓட்டினது யாரு?

— அக்கா.

— அவளா? அவளுக்கென்ன தெரியும் இந்த வண்டியப் பத்தி?

— என்ன தெரியாது? நீங்க அடியில படுத்திருந்தப்ப ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது யாரு? டார்ச்சப் புடிச்சுக்கிட்டு கை மரத்துப் போற வரைக்கும் நின்னது யாரு? அந்த சீட்ட தோல் வெட்டித் தச்சதே அவதானே? ஊசி ஏறி விரல்ல ரத்தம் வந்துச்சு. தச்ச சீட்டுல ஒரு நாளாவது உக்காரவிட்டீங்களா? வளையல் கீறிடும்னு வெளியவே நிக்க வெச்சீங்க. இன்னைக்கு ரெண்டு வளையலையும் கழட்டி இந்தா இந்த ஆணியில மாட்டிட்டுத்தான் மாமா ஏறினா.

— கேட்டிருக்கலாமில்ல? கேட்டா நான் என்ன...

— நாலு தடவ கேட்டா. எனக்கே தெரியும். 'அப்புறம் பாக்கலாம்'னீங்க.

— சரிடா, இன்னைக்கு என்ன திடீர்னு ஆவேசம்?

— காலையில போன் பண்ணினீங்களே, என்ன கேட்டீங்க?

— உறை சரியா மூடியிருக்கா, ஷெட்டுக்குள்ள ஈரம் ஏறுதான்னு பாக்கச் சொன்னேன். அதுல என்ன தப்பு?

— நீங்க கெளம்பின அன்னைக்கே அக்காவுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியாமக் கெடந்தா. இன்னைக்குத்தான் தலையத் தூக்கினா. அதச் சொல்ல வாயத் தொறந்தா, நீங்க போன வெச்சுட்டீங்க. அப்புறம் மொகத்தக் கழுவிட்டு வந்து கடிகாரத்துக்குப் பின்னாடி கைய விட்டா.

— காய்ச்சலோட ஓட்டினாளா! அந்தக் கிளட்ச்சுக்கு காலு பலமா ஊனணுமேடா! பாதியில நழுவினா கியர்ப்பெட்டி பல்லெல்லாம் தேஞ்சு போயிடுமே!

— தேயல மாமா. உங்கள விட சுத்தமா மாத்தினா.

— அப்ப வண்டி இப்ப எங்க? சுத்தி வளைக்காமச் சொல்லு.

— பைபாஸ் முடியற எடத்துல என்னைய எறக்கி விட்டுட்டா. நான் பஸ் புடிச்சு வந்தேன். அவ சிரிச்சுக்கிட்டே போனா மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த சிரிப்பு அது.

— எந்தப் பக்கம் போச்சு வண்டி?

— மலைப்பக்கம்.

— மலைக்கா! ஏத்தத்துல இஞ்சின் கொதிச்சுடும்டா! எறக்கத்துல அந்த பிரேக்க நம்பவே முடியாது! மேல மழை வேற கட்டியிருக்கு, கூரைத்துணி இன்னும் மாட்டவே இல்ல. உள்ள தண்ணி எறங்கினா தரை தகரமெல்லாம் துருப்புடிச்சுப் போயிடும்! டேய், வண்டி எப்படா வரும்?

— என்னைய எறக்கி விடும்போது அக்கா ஒண்ணு சொல்லிட்டுப் போனா மாமா. 'வந்ததும் மொதல்ல என்னையக் கேட்டார்னா எனக்கு ஒரு போன் போடு, எங்க இருந்தாலும் திரும்பி வந்துடறேன். வண்டியக் கேட்டார்னா போட வேண்டாம்'னு. நானும் நீங்க எப்படியும் அக்காவக் கேட்டுடுவீங்கன்னுதான் மாமா, இவ்வளவு நேரம் பேச்ச வளத்துக்கிட்டே இருந்தேன்.